நூற்றுப் பதினெட்டாம் கோபுரம்

விளையாட்டில் கோபுரம் ஏறினால்
மூட்டம் விலகும்.
ஊர், ஆறு, புதையல், பகைவன் கூடாரம்,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறி முளைக்கும்.

பணகுடிக்குத் தெற்கே
எனக்கும் கோபுரம் ஏறுவதுதான் வேலை.
காற்றடங்கிய மாசியில்
இடுப்பில் கச்சையும் கொக்கியும் மாட்டி
எண்பது மீட்டர் ஏணி.
கியர் ஆயில் மாற்றிவிட்டு
மூடியைத் திறந்து தலை நீட்டினால்
மேற்கே மகேந்திரகிரி,
கிழக்கே தேரியின் சிவப்பு,
நடுவே பனை, உடைமரம், பாதி வற்றிய குளம்.
எதன் தலையிலும் குறி இல்லை.

அன்றைக்குப் பனங்கூட்டத்துக்கு அப்பால்
ஏதோ மின்னியது.

கம்பெனி ஆப் அடுத்து 121-க்குப் போகச் சொன்னது.
நீலக்கோடு வலப்பக்கம் வளைந்தது.
நான் பைக்கை இடப்பக்கம் விட்டேன்.
முள்வேலி. திரும்பினேன்.
ஓடை. தள்ளினேன்.
பையிலிருந்து ஒரு பெண்குரல்
"திரும்பிச் செல்லவும்" என்று
சலிக்காமல் கூடவே வந்தது.

கழற்றிப் போட்ட காற்றாலை இறக்கை ஒன்று.
வெடித்த வயிற்றில் முந்தாநாள் மழை.
அதில் மூன்று தவிட்டுக்குருவிகள்.
குடைவான அடிவாயில் யாரோ
பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.
சுவரில் கரியால்:
வடக்கன்குளம் 64, எல்லாரும் அவுட்.
விளையாட்டாக இருந்தால்
நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கும்.
இருக்காது என்று தெரியும்.
இருந்தாலும் குனிந்து பார்த்தேன்.

இரவு ஜெபக்கனியிடம் சொன்னேன்.
"என்ன கெடச்சுது?"
"சட்டையெல்லாம் முள்ளு."

வள்ளியூர் ஆஸ்பத்திரியில்
பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள்.
எந்தப் படுக்கைக்கு எந்த ஊசி,
யாருக்கு மூச்சு வாங்குகிறது,
எல்லாம் தானே தேடிக் கண்டுபிடித்தவள்.
எனக்கு நாப்பது நிமிசம் இருக்கு,
அதுலயுமா வழி தேடணும் என்பாள்.
மஞ்சள் அம்பின் மேல் வைத்த கண் வாங்காமல்
குதிரையை விடுவாள்.
அம்பை அணைத்துவிட்டு
மூன்று வாரமாக ஒரே பள்ளத்தாக்கில் திரிகிற எனக்குப்
பதில் வராது.

குதிரை இடிந்த ஆலை ஒன்றைக் கடந்தது.
"அங்கன ஒரு நாய் உண்டு" என்றேன்.
"குறி ஒண்ணும் காட்டலையே."
"காட்டாது."

அம்பு நேரே போகச் சொன்னது.
போனாள்.
பாலம் வரைக்கும் போய்
என் முகத்தைப் பார்க்காமல்
குதிரையை மட்டும் திருப்பினாள்.

இருந்தது.
முப்பத்தெட்டாவது நிமிஷம்.
"குரைக்கவே மாட்டேங்கு.
இது எதுக்குத்தான் இருக்கு?"
என்றபடி குதிரையை விட்டு இறங்கி
அதன் பக்கத்தில் உட்கார
எந்த பட்டன் என்று கேட்டாள்.