கைக்கடிகாரத்தோடு செத்தவன்

என் தாளில் நூற்றுப் பன்னிரண்டு வெற்றுக் கட்டங்கள்.
அப்புறம் ஓர் அடி.
அந்த ஓர் அடிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

ரோம். ஜூலை. காலை பத்து மணி.
மின்விசிறியின் இரைச்சல் பதிவில் விழும் என்று
நிறுத்திவிட்டார்கள்.
எழுபத்தோரு பேர் வியர்க்கிறோம்.
கொம்பு ஊதுகிறவர்கள் சட்டையைக் கழற்றி
நாற்காலி முதுகில் மாட்டியிருக்கிறார்கள்.
எதிரே திரையில் கார்த்தேஜ் எரிகிறது,
சத்தமே இல்லாமல்.

கார்த்தேஜின் பாட்டு எப்படி இருந்திருக்கும்?
மேஸ்த்ரோ தங்க்ரேதி மூன்று மாதம் நூலகங்களில் கிடந்தார்.
"முரசு இருந்தது, குழல் இருந்தது.
அதற்கு மேல் ஒருவன் சொன்னால்
அவனுக்குக் காசு கொடுக்காதீர்கள்"
என்றாராம் ஒரு பேராசிரியர்.
சிற்பத்தைப் பார்த்து
நான்கு வளைகொம்புகள் பித்தளையில் வார்த்து வந்தன.
ஊதினால், கன்றைத் தேடும் எருமை.
டிராம்போனே போதும் என்றார் தயாரிப்பாளர்.
பழங்காலம் என்றால் டிராம்போன்,
பாலைவனம் என்றால் ஓபோ,
சாம்ராஜ்யம் என்றால் எல்லோரும் ஒன்றாக.

கோரஸ் பாடுவது எந்த மொழியும் இல்லை.
மேஸ்த்ரோவின் மைத்துனி
சாப்பாட்டு மேசையில் கட்டிய சொற்கள்.
"ஆ"வில் முடிந்தால் துக்கம்,
"ஊம்" என்று முடிந்தால் போர்.

எரித்தது எங்கள் ஊர்தான்.
பாட்டையும் சேர்த்து எரித்தது.
இப்போது அதே ஊரில் உட்கார்ந்து
அந்த ஊருக்கு ஒப்பாரி வைக்கிறோம்,
மணிக்கணக்கில்,
கூலிக்கு மாரடிக்கிறோம்.

இரண்டாம் வரிசைச் செல்லோவில் எர்சீலியா.
அவள் கணவன் நேவியோ திரையில் இருக்கிறான்,
இடது ஓரம், சரிந்த தூணுக்குக் கீழே.
துணைநடிகன். நாளுக்கு மூவாயிரம் லிரா,
மதியச் சாப்பாடு உண்டு, செருப்பு அவனுடையது.
ஈட்டி வாங்கி மல்லாந்து கிடக்கிறான்.
நீட்டிய கையில்
கடிகாரம்.

வெட்ட முடியாதாம்.
யானை வருவது அந்த ஒரே துண்டில்தான்,
யானையோ சர்க்கஸுக்குத் திரும்பிப் போயாயிற்று.
"காதை இழு, கண் தானாக வரும்"
என்றார் இயக்குநர்.
ஆகவே வலப்பக்கம் கோபுரம் சாயும் நொடியில்
என் அடி, ஆளுயரச் சேகண்டியில்.

முதல் டேக்கில் எர்சீலியா சிரித்துவிட்டாள்.
வில் வழுக்கி நரம்பு கீச்சிட்டது.
இரண்டாம் டேக்கில் செத்தான்.
மூன்றில் செத்தான்.
ஆறாவதில் யாரோ இருமினார்கள்,
அதனால் மறுபடியும் செத்தான்.
அவள் சிரிப்பை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

இடைவேளையில்
அதே நேவியோ வாசலில் வந்து நின்றான்,
காகிதப் பையில் பீச் பழங்களோடு.
மணிக்கட்டில் வெள்ளையாய் ஒரு பட்டை,
வெயில் படாத தோல்.
யானைத் துண்டைக் கெடுத்ததற்கு அபராதமாம்.
போன வருடம்
பாபிலோனுக்கு அழுத காசில்
அவள் வாங்கித் தந்த கடிகாரம் அது.

பழத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.
"கொஞ்சம் தாமதமாக அடிப்பீர்களா?"
எவ்வளவு என்று கேட்டேன்.
யோசித்தாள்.
"முள் தெரிகிற அளவுக்கு."

பத்தொன்பது வருடமாக எண்ணுகிறவன் நான்.
கல்யாணத்தன்றும் பாதிரியாரின் வாக்கியங்களை
நான்கு நான்காக எண்ணியவன்.
ஏழாவது டேக்.
நூற்றுப் பத்து. நூற்றுப் பதினொன்று.
நூற்றுப் பன்னிரண்டு.
கையை ஓங்கி,
வைத்திருந்தேன்.

கோபுரம் சாய ஆரம்பித்துவிட்டது.
செல்லோக்கள் மட்டும் தாழ்ந்த சுரத்தில் நின்றன,
அவள் வில் மற்றவர்களைவிடச் சற்று அழுத்தமாக.
பிறகு அடித்தேன்.

மேஸ்த்ரோ தலை தூக்கி என்னைப் பார்த்தார்.
எட்டாவதுக்குப் பணமில்லை.
"சரி" என்றார், வியர்வையைத் துடைத்தார்,
"அடுத்தது திருமண ஊர்வலம்."

படம் வந்தபோது பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.
யாரும் கவனிக்கவில்லை,
முன்னால் ஒரு பையனைத் தவிர.
அவன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான்.
நானும் பார்த்தேன்:
கார்த்தேஜ் விழுந்தபோது
மணி பதினொன்றே கால்.