முக்கால் பை

கபினிக்கு இன்னும் பதினோரு நாள்.
ஜீப்பில் முக்காலி விரிக்க இடம் கிடையாதென்று
போனிலேயே சொல்லிவிட்டார்கள்.
வெறும் கம்பியில் லென்ஸை வைத்தால்
இன்ஜின் நடுக்கம் புலியின் மீசைவரை போகும்.
ஆகவே ஒரு பை.

கடையில் இரண்டாயிரத்து நானூறு சொன்னான்.
உள்ளே ஒன்றுமில்லை.
"காலிப் பைக்கா?" என்றாள் தங்கை ஜெசிந்தா.
காலியாகத்தான் வாங்கணும், போகிற ஊரில் நிரப்பிக்கணும்,
ரயிலில் கனம் தூக்க முடியுமா என்றேன்
நாலு காடு பார்த்தவள் மாதிரி.

எங்கள் எக்ஸ்ரே அறையில் மணல் மூட்டை இரண்டு உண்டு.
உடைந்த கால் ஆடாமலிருக்க
பக்கத்துக்கு ஒன்றாக அணைகொடுப்பேன்.
கரும்பச்சை ரெக்சின்,
மூலையில் சிவப்பு பெயின்ட்டில் ஸ்டான்லி.
நைட் டியூட்டியில், மூன்று மணி வாக்கில்,
ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன்.
லென்ஸைவிடக் கனம்.
மணல் கசியவும் செய்யும்; ஒரு துகள் போதும்,
ஃபோகஸ் வளையம் பல்லைக் கடிக்கும்.
இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.
ஆஸ்பத்திரிச் சாமான் வேறு.

எம்.சி. ரோட்டுக்குப் பின்சந்தில் கவுஸ் பாய்.
ஸ்கூல் பைகளுக்கு ஜிப் மாற்றுகிறவர்.
நான் வரைந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது கழுதப் பொதியாச்சே."
அதேதான் பாய்.
கதவுக்கு இந்தப்புறம் ஒரு கால், அந்தப்புறம் ஒரு கால்,
நடுவில் பள்ளம்.
வண்ணாரப்பேட்டையில் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.
தார்ப்பாய் வேண்டாம், சரசரக்கும்,
மானின் காது திரும்பிவிடும்.
ஜீன்ஸ் துணி, இரட்டைத் தையல்,
ஜிப்பை மூடி ஒரு மடிப்பு.
நூற்றெண்பது. ஜிப் தனி.
"கழுத எங்க?" என்று மட்டும் கேட்டார்
சில்லறை தரும்போது.

நிரப்புவதில்தான் நாள் போனது.
தெர்மாகோல் மணி கனமே இல்லை,
ஆனால் அழுத்தினால் கிறீச்சிடுகிறது,
காற்றடித்தால் தானே எழுந்து போகப் பார்க்கிறது.
மொச்சை முரண்டு பிடித்தது, குழி விழவே இல்லை.
அரிசி நன்றாக அமர்ந்தது.
நனைந்தால் புளிக்கும் என்பதற்காக இல்லை,
ஜெசிந்தா பார்த்த பார்வைக்காக
திரும்ப டின்னில் கொட்டினேன்.
கடைசியில் கல்மண்டபம் மார்க்கெட்டில்
கொள்ளு, மூன்று கிலோ.
குதிரை தின்பது, கழுதை சுமக்கட்டும்.

ஞாயிறு விடியலில் எண்ணூர்.
கழிமுகத்தில் தேசப்பனின் ஃபைபர் படகு.
விளிம்பில் பையைப் போட்டு லென்ஸை வைத்தேன்.
உருண்டது.
மறுபடி வைத்தேன். மறுபடி உருண்டது.
வாய்வரை அடைத்த பை
கல் மாதிரி விறைத்துக் கிடந்தது,
கட்டிலில் படுக்க மறுக்கும் நோயாளி போல.

ஜிப்பைத் திறந்து
கால்வாசிக் கொள்ளை டிபன் டப்பாவில் சரித்தேன்.
பை ஒரு பெருமூச்சு விட்டது.
இப்போது லென்ஸை வைக்க
அதற்கென்று ஒரு மடி உண்டானது.

இன்ஜினை நிறுத்தச் சொன்னேன்.
சாம்பல் கலந்த தண்ணீர்,
தூரத்தில் மின்நிலையப் புகைபோக்கிகள்,
நடுவே சேற்றுத் திட்டில்
ஒற்றைக்காலில் ஒரு பூநாரை.
கூட்டத்தை விட்டு வந்ததோ, கூட்டம் விட்டுப்போனதோ.
முட்டி வீங்கியதுபோல் இருந்தது.
அது முட்டியில்லை, கணுக்கால்;
எலும்பு பார்த்தே பழகிய கண் எனக்கு.
சிற்றலை படகைத் தூக்கியது,
பை அதை வாங்கிக்கொண்டது,
கண்ணாடிக்குள் பறவை நின்றது நின்றபடி.

என்னையறியாமல் வாய் சொல்லிற்று,
ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வதை:
"அசையாதீங்க.
மூச்ச நல்லா இழுங்க.
அப்படியே நிறுத்துங்க."

க்ளிக். க்ளிக். க்ளிக்.

பறவை போகவில்லை.
நான் இன்னும் கண்ணை எடுக்கவில்லை.
முதுகுக்குப் பின்னால், துடுப்பைப் பிடித்தபடி,
அடைத்த குரலில் தேசப்பன்:
"விட்டுடலாமாக்கா?"