ஒன்பதாவது பலகை

காலை ஆறு மணிக்குக் குளம் திறக்கும்.
வெளியே ஹாப்சாலு நகரம் இன்னும் இருட்டில்;
வாசலில் யாரோ பனியை வாரித் தள்ளுகிறார்கள்.
உள்ளே இருபத்தொன்பது பாகை வெதுவெதுப்பு,
கண்ணைக் கரிக்கும் குளோரின் வாடை.
விர்வே மல்லாந்து நீந்துவாள்.

பதினெட்டு வருடமாக அவள் பார்த்துவருவது
தண்ணீரை அல்ல, கூரையை.
தலைக்குமேல் வெள்ளைப் பலகைகள் முப்பத்தொன்று.
இருபத்தொன்பது வந்தால்
கையை நீட்ட வேண்டும்: சுவர்.

போன டிசம்பரிலிருந்து
ஒன்பதாவது பலகை ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கிறது.
அவளை யாரும் கேட்கவில்லை.
கூரையைப் பற்றி
நீச்சல்காரியிடம் கேட்க என்ன இருக்கிறது?

*

தாலினிலிருந்து தைமி வந்தாள்.
நெற்றியில் விளக்கு, கையில் குருவித்தலையளவு சுத்தியல்.
ஏணியைப் பிடித்துக்கொண்டே உர்மாஸ் சொன்னான்:
"எல்லாம் துருப்பிடிக்காத எஃகு.
ஐம்பது வருடத்துக்குக் காகிதம் இருக்கிறது."

காகிதம் இருந்தது.
பலகைகளுக்குப் பின்னால், அந்தப் புழுக்கத்தில்,
தொங்குகம்பிகளும் பளபளவென்றே இருந்தன.

சாதா இரும்பு முன்கூட்டியே புலம்பிவிடும்.
செதில் உதிர்க்கும், சட்டையில் கறை வைக்கும்,
ஊருக்கே தெரியும் அதன் நோவு.
இதற்கு மேலே ஒரு தோல்,
கண்ணுக்கே தெரியாத மெல்லிசு;
கீறினால் தானே மூடிக்கொள்ளும்.
மூடிக்கொள்ளும் என்பதால்
யாரும் திறந்து பார்ப்பதில்லை.

தட்டினாள். ணிங்.
அடுத்தது. ணிங்.
ணிங்.
மூன்றாம் வரிசையில் ஒன்று
சந்தையில் வேண்டாமென்று திருப்பித் தரும் பானைபோல
டொக் என்றது.

பிடித்துப் பார்த்தாள்.
முருங்கைக் கிளையாகக் கையோடு வந்துவிட்டது.

கீழே அப்போது
மஞ்சள் தொப்பிக் குழந்தைகள் பதினோரு பேர்
மிதவைப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.
தைமி சத்தம் போடவில்லை.
ஏணியிலிருந்து இறங்கி, ஆசிரியையின் காதில் சொன்னாள்.

*

நுண்ணோக்கியில் ஒரு மரம் தெரிந்தது.
மேலே ஊசிமுனைக் குழி,
அங்கிருந்து உள்நோக்கி ஒரு கோடு,
கோட்டிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை,
தலைகீழாக நட்ட பிர்ச், இலையில்லாமல்.
மரத்தைச் சுற்றிலும் எஃகு புத்தம்புதுசு.

அறிக்கையில் எழுதினாள்: சுமை, வெப்பம், உப்பு.
தனியே வந்திருந்தால் ஒன்றும் செய்திருக்காதவை.

எழுதாமல் விட்டது குளத்து ஏணியின் கைப்பிடியை.
அதே எஃகு, அதே லாரியில் வந்தது.
நாளுக்கு முந்நூறு ஈரக் கைகள் பிடித்து இறங்கும்,
மாலையில் குழாயடித்துக் கழுவுவார்கள்.
அதில் ஒரு கீறல் இல்லை.

மேலே இருப்பதை யார் தொட்டார்கள்?
குளோரின், வியர்வை,
குழந்தைகள் ஒப்புக்கொள்ளாத இன்னொன்று,
எல்லாம் ஆவியாகி ஏறி
படிந்து காய்ந்தது, மறுபடி படிந்தது.
துடைக்க ஒரு துணிகூடப் போகவில்லை.
எடை தாங்குகிறதே,
அதற்கு வேறென்ன வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"ஒரு சொட்டுத் தண்ணீர் படாத இடமாயிற்றே"
என்றான் உர்மாஸ்.
"அதனால்தான்" என்றாள் தைமி.

*

கதவில் அறிவிப்பு ஒட்டிய காலையில்
துவாலைப் பையோடு விர்வே நின்றிருந்தாள்.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த தைமியிடம்
"ஒன்பதாவதா?" என்று கேட்டாள்.

தைமி நோட்டைப் பிரித்தாள்.
விரலால் எண்ணினாள். மறுமுனையிலிருந்து இன்னொருமுறை.
"எப்போதிலிருந்து தெரியும்?"
"டிசம்பர்."

கொஞ்ச நேரம் இருவரும்
காலடிப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*

ஜூலையில் விர்வே கடலுக்குப் போனாள்.
மல்லாந்தால் மேலே ஒன்றும் தொங்கவில்லை,
வெறும் வெளிச்சம்.
எதை என்று தெரியாமலே எண்ணினாள்.
இருபத்தொன்பதில் கை தானாக நீண்டது.

சுவர் இல்லை.
ஒரு அலை முகத்தில் ஏறி இறங்கியது.
பால்டிக்கின் உப்பு, அவ்வளவாகக் கரிக்காது.