மூன்று மணி நிழல்

புதுவயல் சகாய மாதா கோவிலின்
வரவு செலவை எழுதுகிறவள் நான்.
அதனால் கடவுளைப் பற்றி அதிகம் பேச மாட்டேன்.
மின்கட்டணம் பற்றிப் பேசுவேன்.

சென்ற கோடையில் இரண்டு மாதத்துக்குப்
பத்தொன்பதாயிரத்து நானூறு.
நான்கு ஏசி, பதினாறு விசிறி,
பகலிலும் எரிந்த குழல்விளக்குகள்.
ஞாயிறு இரண்டு பூசை, புதன் நவநாள்,
மற்ற நேரம் பூட்டு.

ஒரு புதன்கிழமை கரண்ட் போனது.
செபமாலை வியர்வையில் வழுக்கியது.
ஃபாதர் எட்வின் அண்ணாந்து கேட்டார்,
மேலே அந்தப் பலகைகளுக்குப் பின்னால் என்ன?

சாளரங்கள்.
முதல் ஏசி வந்த வருடம்
குளிர் தப்பிவிடக் கூடாதென்று
நாமே அடைத்தவை.
தச்சர் மாயழகு கழற்றினார்:
இருபத்திரண்டு பலகை, ஒரு வாளி ஆணி,
புறா எலும்பு ஒரு பிடி.
அடுத்த ஞாயிறு மேற்கிலிருந்து ஒரு காற்று வந்து
விவிலியத்தின் பக்கங்களைத் தள்ளிவிட
வாசித்துக்கொண்டிருந்த பிரிசில்லா
எரேமியாவிலிருந்து நேரே
புலம்பலுக்குப் போய்விட்டாள்.
ஒருவரும் கவனிக்கவில்லை.
இரண்டும் அழுகைதானே.

சோலார் அளவெடுக்கக்
காரைக்குடியிலிருந்து வந்தார் நசீர்.
மொட்டைமாடியில் தொப்பியோடு ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு
இறங்கி வந்து சொன்னார்:
இடம் அருமை. ஒரே ஒரு சிக்கல்.
மத்தியானம் மூன்று மணிக்குச் சிலுவையின் நிழல்
நான்காவது பேனலில் விழும்,
யூனிட் குறையும்.
சிலுவையை இரண்டடி தள்ளி வைக்கலாமா
என்று கேட்டுவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூன்று மணி.
யாரும் மூச்சு விடவில்லை.
"அந்த நேரத்தில் இருட்டுவது வழக்கம்தான்" என்றார் ஃபாதர்,
"இருக்கட்டும்."
குறையும் யூனிட்டுக்கு
ஏட்டில் தனி வரி திறந்தேன்.
தலைப்பு எழுதவில்லை.

சண்டை வந்தது தரையில்.

வளாகம் முழுக்க சிமெண்ட் கல்,
அமரர் வியாகுலம் நினைவாக
ஈப்போவிலிருந்து மகன் அனுப்பிய பணம்.
கல் பதித்த பிறகு
மழை வந்த காலோடு தெருவுக்கு ஓடியது,
கிணறு எழுபதடிக்குப் போனது.
பெயர்த்துவிடலாம் என்றதும் ஆல்பர்ட் எழுந்தார்:
"அப்புறம் தேர் எதில் உருளும்? சேற்றிலா?"
நியாயமான கேள்வி.
பேரவை நான்கு முறை கூடியது.
டீ செலவு அறுநூற்று முப்பது.
முதல் இரண்டு கூட்டத்துக்குக் காகிதக் கப்,
மூன்றாவதற்கு பிரிசில்லா
வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தாள்,
கழுவவும் அவளே.
(நான்காவதில் ஆல்பர்ட் கழுவினார். கோபமாக.)

தேர்ச்சக்கரம் போக இரண்டு தடம் கல்,
மீதி எல்லாம் மண் என்று முடிவானது.
ஆனால் வியாகுலத்தின் பெயர் வெட்டிய பலகைக்கல்?
மகனுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள்.
மூன்று முறை கிழித்துப்போட்டு
நான்காவதை அனுப்பினேன்.
செல்போனில் பதில் வந்தது, ஒரே வரி:
அப்பா கிணறு வெட்டிப் பிழைத்தவர், அக்கா.

பங்கில் யாருக்கும் தெரியாது.
எங்களுக்குத் தெரிந்த வியாகுலம்
நன்கொடைப் பட்டியலில் முதல் பெயர்,
வெள்ளைச் சட்டை, மாலை போட்ட படம்.

கூரைத் தண்ணீர் இறங்கும் குழியின் விளிம்பில்
அந்தக் கல்லைக் கிடத்தினோம்,
பெயர் மேலே பார்க்க.

ஐப்பசியில் முதல் மழை.
வேப்பங்கன்றுகளின் அடியில்
ரைஸ்மில்லில் இருந்து வாங்கிக் கொட்டிய உமி முழுவதும்
மிதந்து, கேட்டைத் தாண்டி,
பஸ் ஸ்டாண்ட் வரை போனது.
அது என் யோசனை. தப்பு.
வண்டி வாடகை இருநூறு நஷ்டம் என்று எழுதியிருக்கிறேன்.
அடுத்த முறை சருகு.

குழி மட்டும் இரவெல்லாம் குடித்தது,
பாட்டில் சாய்த்துக் குடிக்கும் சத்தத்தில்.

விடிவதற்கு முன் கதவு திறக்கப் போனேன்.
கிணற்றடியில் டார்ச் வெளிச்சம்,
ஆல்பர்ட் கயிறு விட்டு அளந்துகொண்டிருந்தார்.
என்னைக் கண்டதும் சுருட்டிக்கொண்டு
குட் மார்னிங் என்றார்.
எத்தனை அடி என்று அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
அவர் போன பிறகு
கைப்பிடிச் சுவரில் கயிறு கிடந்தது.
ஈரம் எங்கே தொடங்குகிறது என்று
விரலால் தடவிப் பார்த்தேன்.