அறுபத்திரண்டு சென்ட்

பத்திரத்தில் புஞ்சை என்றிருக்கிறது.
போய்ப் பார்த்தால் முள்.

பாகப்பிரிவினை முடியப் பதினேழு வருடம்.
ஒட்டியம்பாக்கத்துக் கல்குவாரி தாண்டி
ஆட்டோ நின்ற இடத்தில் இறங்கி
என் நிலம் எதுவென்று கேட்டேன்.
"இதெல்லாந்தான்" என்றார் டிரைவர்,
எல்லோருக்கும் சொல்வதுபோல.

முதல் வருடம் ஆள் விட்டு வெட்டினேன்.
லோடுக்கு நாலாயிரம் அவர்களே கொடுத்து
விறகை ஏற்றிப் போனார்கள்.
லாபம் என்று நினைத்துக்கொண்டு
மேடவாக்கம் கூட்டு ரோட்டில்
கரும்புச்சாறு குடித்தேன்.
ஐப்பசி மழைக்குப் பின்
ஒரு சீமைக் கருவேலம் நின்ற இடத்தில்
பதினொன்று. எண்ணினேன்.
வெட்டு என்பது அதற்கு
முடிவெட்டு.

இரண்டாம் வருடம் ஜேசிபி.
மணிக்கு ஆயிரத்து நானூறு, குறைந்தது மூன்று மணி.
வேர் அறுந்த சத்தம்
ஈரத் துணி கிழிவதுபோல.
அன்று மாலை நிலம் அழகாக இருந்தது.
படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்,
துபாயிலிருந்து கட்டைவிரல் வந்தது.
புரண்ட மண்ணில்
எத்தனை வருடத்து விதை கண் திறந்ததோ,
தை முடிவதற்குள் பச்சைப் பாய்.

மூன்றாம் வருடம் தேசம்மாள்.

அவளுக்கும் என் வயதுதான், நாற்பத்தாறு.
கடப்பாரை, மண்வெட்டி, டயர் செருப்பு.
செருப்பையும் தாண்டி ஏறிய முள்ளைப்
பேச்சை நிறுத்தாமல் பிடுங்கி எறிகிறாள்.
"தலைய வெட்னா அதுக்கு சந்தோசம்.
கழுத்து மண்ணுக்குள்ள கீது.
ஒரு முழம் தோண்டு. கழுத்தோட எடு."

ஞாயிறுதோறும் ஒன்பது கழுத்து.
அதற்கு மேல் என் தோள் கேட்பதில்லை.

நடுவில் அவளுடைய ஆடுகள் வருகின்றன.
நெற்று இனிக்குமாம், வெல்லம் மாதிரி.
தின்றுவிட்டுத்
தோண்டிய குழி ஓரமாகவே புழுக்கை போடுகின்றன.
ஒன்றை உடைத்துப் பார்த்தேன்:
விதை, ஒரு கீறல் இல்லாமல்.
"உன் ஆடுதானே விதைக்குது?"
"ஆடு வெதைக்குது, நா புடுங்குறேன்.
ரெண்டு பேருக்கும் நீதான் மொதலாளி."

கார்த்திகையில் மழை விட்ட ஒரு ஞாயிறு,
கிழக்கு மூலை.
வண்டி திரும்பாது என்று ஜேசிபிக்காரர் விட்டுப்போன தூர்,
தவலை அகலம்.
தோண்டத் தோண்டக் கடப்பாரை ணங்கென்றது.
சர்வே கல்.
மரம் அதை விழுங்கி வளர்ந்திருந்தது,
பாதி எண் வெளியே, பாதி பட்டைக்குள்.

பக்கத்து எழுபது சென்டில் கல் இல்லை.
முள்ளும் இல்லை.
அருளப்பன் அதை வருடா வருடம்
சுத்தமாக வைத்திருந்தார்.
சுத்தமான நிலத்தில் லாரி ஏறுவது சுலபம்.
முதலில் கட்டட இடிபாடு கொட்டினார்கள்,
பிறகு ஷீட் போட்டார்கள்,
இப்போது அங்கே தண்ணீர் கேன் கம்பெனி.
அருளப்பன் தாம்பரம் கோர்ட்டில்.

பட்டா யார் பெயரில் என்று தெரியாமல்
சம்பளமும் கேட்காமல்
ஒன்று இங்கே நின்றிருக்கிறது.
நான் அந்தத் தூரின் மேலேயே உட்கார்ந்து
தண்ணீர் குடித்தேன்.

"இத்த வுட்றலாமா?" என்றாள்.

ஒரு நெற்றில் இருபது விதை.
கணக்கு எனக்கும் தெரிந்துவிட்டது.
கல்லில் படாமல் கைரம்பத்தால் அறுத்தெடுக்கச்
சாயங்காலம் ஆனது.
ஒரு சில்லு மட்டும் கல்லின் வெடிப்பில் இருக்கிறது,
வரவில்லை.

கம்பி வேலிக்கு எஸ்டிமேட் வந்திருக்கிறது,
எண்பத்தெட்டாயிரம், ஜிஎஸ்டி தனி.

மழைக்குப் பின் குழிகளில் இரட்டை இலைகள்.
நாட்டுக் கருவேலமா, சீமையா,
இந்த உயரத்தில் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.
தேசம்மாளுக்குத் தெரியும்.
ஆடுகளை ஓட்டிவரப் போயிருக்கிறாள்.