ஒன்பது தடவை

மயிலாடுதுறை பாசஞ்சரில்
ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால்
திருவாரூருக்குள் பன்னிரண்டு தாள் திருத்திவிடலாம்.
பேரளத்தில் கிராஸிங் விழுந்தால் பதினைந்து.

காலாண்டுத் தேர்வு. பதினொன்று, பி பிரிவு.
துணைப்பாடத்தில் பழைய ஆங்கில நாவலொன்றின் சுருக்கம்:
ஒரு மாளிகை, ஒரு சீமாட்டி,
வராத கடிதம், பிறகு வந்த கடிதம்,
கடைசிப் பக்கத்தில் கல்யாணம்.
நூற்றைம்பது வருடமாக உலகமே படிக்கிற கதை
என்று சொல்லித்தான் ஜூலையில் ஆரம்பித்தேன்.
வருடா வருடம் அதே வாக்கியம்.
கணப்பு என்றால் என்ன டீச்சர் என்பார்கள்.
ஃபேன் ஓடாத வகுப்பில் வியர்த்துக்கொண்டே
சுவருக்குள் ஒரு கரியடுப்பு வரைவேன்.

ஐந்து மதிப்பெண் வினா:
நாயகியின் குணநலன்களை விவரி.
விடைக்குறிப்பில் செருக்குக்கு ஒன்று, தனிமைக்கு ஒன்று,
மன்னிக்கும் மனதுக்கு இரண்டு, மொழிநடைக்கு ஒன்று.
எல்லாத் தாளிலும் சீமாட்டி செருக்காகவே இருந்தாள்,
ஒரே நோட்ஸிலிருந்து,
ஒரே எழுத்துப்பிழையோடு.

வீ. தர்ஷிகாவின் தாளில் சீமாட்டி இல்லை.
கரிவாளி தூக்குகிறவள் இருந்தாள்.
'ஷீ ஹேவ் நோ நேம்.'
ஹேவைச் சுழித்து ஹேஸ் என்று போட்டேன்.
திருத்திய பிறகுதான் வாசித்தேன்.

அடுத்த வரி பாதியில் தமிழுக்கே வந்துவிட்டது:
'இவள் ஒன்பது தடவை மாடி ஏறுகிறாள்.
இறங்கியதாக இரண்டு தடவைதான் போட்டிருக்கிறது.
மீதி ஏழு தடவை யாரும் பார்க்கவில்லையா?'

பூந்தோட்டம் தாண்டி, சிக்னல் இல்லாமல் நின்றது வண்டி.
முறைத்தண்ணீர் பிந்தி வந்த வயலில் நடவு.
ஒருத்தி நாற்றுமுடிகளை எண்ணி எண்ணி வீசினாள்.
எண்ணுவது உதட்டில் தெரிந்தது, காதில் விழவில்லை.
நட்டுக்கொண்டிருந்தவர்களின் முதுகுதான் தெரிந்தது.
தர்ஷிகாவின் அம்மா அதில் இருக்க வாய்ப்பில்லை,
அவள் ஊர் செம்பனார்கோவிலுக்கும் அந்தப் பக்கம்.

பாடநூலை எடுத்து எண்ணினேன்.
எட்டு வந்தது.
திரும்ப எண்ணினேன்,
ஒரு 'மாடிக்கு'
அரைப்புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.
ஒன்பதுதான்.
பதினாறு வருடமாக நடத்துகிற பாடம்.

பொதுத்தேர்வில் இப்படி எழுதினால் முட்டைதான்,
அதையும் நானேதான் அவளிடம் சொல்லவேண்டும்.
மொழிநடைக்கு ஒன்று போட்டேன்.
அதுவும் பொய், மொழியே தமிழாகிவிட்டது. அடித்தேன்.
மூன்று போட்டேன். எதற்கு மூன்று? அடித்தேன்.
வண்டி குலுங்கிக் கிளம்பியதில்
சிவப்புக் கோடொன்று தாளின் ஓரம்வரை ஓடியது.

அந்த ஓரத்தில் எழுதினேன்:
'ஆறாவது தடவை ஏறும்போது
அவள் கையில் வாளி இல்லை.
கவனித்தாயா? எதற்குப் போனாள்?'

மதிப்பெண் கட்டம் காலியாகவே கிடக்க,
நன்னிலத்தில் ஏறிய ஒரு அம்மாள்
கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்றாள்.
தாள்களை மடியில் அள்ளிக்கொண்டேன்.