பனிப்பாதைக்காரரின் தொடை எலும்பு

கடல் உறைந்தால்
ஹீயுமா தீவுக்குக் கடல்மேலேயே பாதை போடுவோம்.
ஜூனிப்பர் கொப்பு நட்டு,
துளையிட்டு, கனம் அளந்து,
போகலாம் என்று சொல்பவர் உர்மாஸ் கல்லாஸ்தே.

இந்த ஜனவரியில் அவர் விழுந்தார்.
கடலில் அல்ல,
தபால் நிலையப் படியில்.

தொடை எலும்பின் தலை
தார்த்து நகரில் என் மேசைக்கு வந்தது,
ஜாம் பாட்டில் அளவு டப்பாவில்.
கூடவே ஒரு வரி:
இரண்டு வருடம் முன்பு மாரடைப்பு.

எலும்பை உடனே சீவ முடியாது.
சுண்ணாம்பு கரையும்வரை ஊறவேண்டும்,
ஐந்து வாரம், சிலசமயம் ஆறு.
ஊசியால் குத்திப் பார்ப்பேன்
உருளைக்கிழங்கு வெந்ததா என்று பார்ப்பதுபோல.

நுண்ணோக்கியில் வைத்தபோது
வறண்ட ஊரை எதிர்பார்த்தேன்.
இருந்ததோ நெரிசல்.
தேவைக்குமேல் கிளைவிட்ட குழாய்கள்,
சுவர் இற்று, இடுக்கெல்லாம் கசிவு.
அதன் வழியே வெள்ளணுக்கள்
முண்டியடித்து வெளியேறிய தடம்.

இதயம் எப்போதோ கூப்பிட்டது.
தீ அணைந்தாயிற்று என்று
எலும்புக்கு யாரும் சொல்லவில்லை.
அது ஆளனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.
போனவர்கள் கைகட்டி நிற்பார்களா?
நல்ல சுவரையும் சேர்த்து இடிப்பார்கள்.

மே மாதம் ஊன்றுகோலோடு வந்தார்.
"என்னுடையதைப் பார்க்கணும்."
விதியில் இடமுண்டா என்று
நான் யாரையும் கேட்கவில்லை.
எனக்கும் ஐம்பத்தாறு வயது,
கேட்காமலிருக்கத் தெரியும்.

வெகுநேரம் குனிந்திருந்தார்.
குவியத்தைத் தானே திருகினார்.
"வெள்ளையா இருக்கும்னு நினைச்சேன்," என்றார்.
பிறகு,
"இதன்மேல் நான் யாரையும் போகவிடமாட்டேன்."

சிரித்தோம். சிரிப்பு அவருக்கு
இருமலில் முடிந்தது.

"இது விழுந்ததற்கு முன்னாலா, பின்னாலா?"
முன்னால் என்றேன்.
"அப்போ நான் வழுக்கல.
முதலில் உடைந்தது, அப்புறம்தான் விழுந்தேன்.
மெரிக்கே நம்பமாட்டேங்கிறாள்.
எழுதித் தருவீங்களா?"

அதற்கு இந்தக் கண்ணாடியில் பதில் இல்லை,
ரத்தக்குழாய்தான் தெரிகிறது, என்றேன்.
முகம் வாடிவிட்டது,
மாரடைப்பைவிட அந்தப் படிதான்
அவருக்கு அவமானம்போல.

பனிப்பாதையில் சீட் பெல்ட் போடக்கூடாது.
உடைந்தால் குதிக்கவேண்டும்.
எங்கள் கரையில் பிள்ளைகளுக்கும் தெரியும்.
எழுந்தபோது மேலங்கியின் பொத்தானை
அவர் போடாமலே நடந்தார்.
ஜன்னல் வழியே பார்த்தேன்,
படியில் ஒவ்வொரு காலாக.

திரும்பி வந்து குனிந்தால்
எல்லாம் மங்கல்.
குவியம் அவர் கண்ணுக்கு நின்றிருந்தது.
மாலைவரை
அதை நான் திருகவில்லை.